ஸ்டீம் ரயில் பாக்க ஸ்கூல் லீவுல எங்க போலாம்: சிங்கப்பூர்லேருந்து கிளம்புறவங்களுக்கு

தங்கச்சி, நீங்க கேட்டத ஒருதடவ சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்க படிச்சாலும் புரியும். அப்பாவுக்கு 76 வயசு, சின்ன வயசுல ஜொகூர்ல இருக்கற குளுவாங்லேருந்து சிங்கப்பூருக்கு கரி எஞ்சின் இழுத்த ரயில்ல வந்தவரு, இப்ப முட்டிவலி. பிள்ளைங்க ரெண்டு பேரு, ஒண்ணு பிரைமரி 2, ஒண்ணு பிரைமரி 5, ஸ்கூல் லீவுலதான் போக முடியும். நிஜமா ஓடுற ஸ்டீம் எஞ்சின எங்க பாக்கலாம், மியூசியம் மட்டும் போதுமா இல்ல வண்டில ஏறியே ஆகணுமா, அப்பாகிட்ட சொல்லாம சர்ப்ரைஸா கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டிருக்கீங்க.

நான் கப்பல் பட்டறையில பாய்லர் வேலையில 22 வருஷமா இருக்கேன், அதனால ஸ்டீம் எஞ்சின்னா எனக்கு ஆசைக்குப் பாக்குற சாமான் மட்டும் இல்ல, நான் தினமும் தொடுற வேலையோட பாட்டன் அது. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு நாலஞ்சு இடம் போயிட்டு வந்திருக்கேன். எல்லாத்துலயும் நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், எந்த ஊருக்குப் போறோம்ங்கிறத விட எந்த நாளு போறோம்ங்கிறதுதான் முக்கியம். எல்லாரும் மொதல்ல ஊர முடிவு பண்ணி, ஃப்ளைட் புக் பண்ணி, ஹோட்டல் போட்டு, கடைசியா ரயில் என்னைக்கு ஓடுதுன்னு பாக்குறாங்க. அத அப்படியே தலைகீழா செய்யணும்.

நாங்களும் அந்தத் தப்பத்தான் பண்ணோம். சில வருஷம் முன்னாடி டிசம்பர் லீவுல ஆஸ்திரேலியா போனப்ப ஒரு பழைய ரயில் பாதைக்கு காலைல எழுந்து அவ்ளோ தூரம் போனா, அன்னைக்கு வெயில் அதிகம், நெருப்புத் தடை போட்டுட்டாங்க, ஸ்டீம் எஞ்சினுக்கு பதிலா டீசல் எஞ்சின மாட்டி ஓட்டுனாங்க. அவங்க மேல குத்தமே இல்ல, காடு பத்திக்கும்னா அப்படித்தான் செய்யணும். ஆனா எங்க சின்னவன் "அப்பா, இதுல ஏன் புகை வரல"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான், வழியெல்லாம் அதே கேள்விதான்.

இந்த வண்டிங்க ஏன் தினமும் ஓடுறதில்லன்னு மொதல்ல புரிஞ்சுக்குங்க, அப்பத்தான் பிளான் பண்ண முடியும். டீசல் எஞ்சின்னா ஸ்டார்ட் பண்ணி கிளம்பிடலாம். ஸ்டீம் எஞ்சின் அப்படி இல்ல, ஆறிப்போன பாய்லர சூடாக்கி ஓடுற அளவுக்கு பிரஷர் ஏத்த பல மணி நேரம் ஆகும், பெரிய எஞ்சின்னா முந்தின நாளே நெருப்பு மூட்டிடுவாங்க. அவசரப்பட்டு சூடாக்குனா இரும்புத் தகடு ஒருபக்கம் விரியும், ஒருபக்கம் விரியாது, குழாய் சேர்ற இடத்துல கசியும், அப்புறம் மாசக்கணக்குல ரிப்பேர்தான். ஓடுன பிறகும் வேலை முடியாது. சாம்பல் அள்ளணும், புகைப்பெட்டிய சுத்தம் பண்ணணும், சில வாரத்துக்கு ஒருதடவ பாய்லர் உள்ளுக்குள்ள படிஞ்ச உப்பையும் சேத்தையும் தண்ணி அடிச்சு வெளிய எடுக்கணும். இத்தனையும் செய்யறவங்கள்ல பாதிப்பேரு சம்பளம் வாங்காத தொண்டூழியர்ங்க, வார நாள்ல வேற வேலை பாக்குறவங்க இல்லன்னா ரிட்டையர் ஆனவங்க. அதனாலதான் பல இடத்துல சனி ஞாயிறு மட்டும், இல்லன்னா வருஷத்துல சில மாசம் மட்டும், இல்லன்னா விசேஷ நாள்ல மட்டும் ஓடுது. பிரிட்டன், அமெரிக்கா பக்கம் நிறைய ரயில்வே வசந்தகாலத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் ஓட்டிட்டு, டிசம்பர்ல கிறிஸ்மஸ் ஸ்பெஷல் விட்டுட்டு, அதுக்கப்புறம் குளிர்ல மூடி வச்சு பாய்லர் வேலை பாப்பாங்க.

பாய்லர் சர்டிஃபிகேட்னு ஒண்ணு வேற இருக்கு. அமெரிக்காவுல ஒரு எஞ்சின் 1472 நாள் ஓடுனா, இல்லன்னா 15 வருஷம் ஆனா, எது முதல்ல வருதோ அப்ப முழுசா பிரிச்சு சோதிக்கணும்னு சட்டமே இருக்கு. பிரிச்சா வருஷக்கணக்குல ஷெட்டுல கிடக்கும். ஆஸ்திரேலியாவோட 3801ன்னு பேர்போன எஞ்சின் 1943ல செஞ்சது, 2007ல ரிப்பேருக்கு நிறுத்துனது, ஜெர்மனியில புது பாய்லரே செஞ்சு கொண்டு வந்தாங்க, அது சரிப்பட்டு வரல, கடைசியில பழைய பாய்லரையே சரி பண்ணி 2021லதான் மறுபடி ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஓடுச்சு. இத்தன வருஷத்துக்கு நடுவுல ஆசையா டிக்கெட் போட்டுப் போன குடும்பம் எத்தனையோ. அதனால ஏதோ பழைய வீடியோவுல பாத்த எஞ்சினே நீங்க போற அன்னைக்கு ஓடும்னு நம்பிப் போகாதீங்க, அந்த மாசத்து அட்டவணையப் பாருங்க.

சரி, நம்ம லீவு எப்ப வருது, ஜூன் மாசம் நாலு வாரம், அப்புறம் நவம்பர் கடைசிலேருந்து டிசம்பர் முடிய. இந்த ரெண்டையும் வச்சுத்தான் நான் சொல்றேன்.

உங்க குடும்பத்துக்கு நான் மொதல்ல சொல்றது தாய்லாந்து. இது நிறைய பேருக்கு தெரியாது. தாய்லாந்து ரயில்வே வருஷத்துல சில நாள் மட்டும் பாங்காக்லேருந்து ஸ்டீம் எஞ்சின் பூட்டி ஸ்பெஷல் வண்டி விடுறாங்க, அந்த நாளுங்கள பாருங்க: மார்ச் 26 அவங்க ரயில்வே தொடங்குன நாள், ஜூன் 3 ராணியோட பிறந்தநாள், ஜூலை 28 ராஜாவோட பிறந்தநாள், ஆகஸ்ட் 12, அக்டோபர் 23 சுலாலங்கோர்ன் ராஜா நினைவு நாள், டிசம்பர் 5. இதுல ஜூன் 3ம் டிசம்பர் 5ம் நம்ம ஸ்கூல் லீவுக்குள்ள அப்படியே விழுது! ரெண்டரை மணி நேர ஃப்ளைட், டிக்கெட்டும் ஜப்பான் ஆஸ்திரேலியா மாதிரி கைய கடிக்காது. வண்டி போற ஊரு தடவைக்கு தடவ மாறும், அயுத்தயா, நக்கோன் பத்தோம், சாச்சோங்சாவ் இந்த மூணுல ஒண்ணா இருக்கும், காலைல கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம். ஒரு மாசம் முன்னாடி வாக்குலதான் அறிவிப்பாங்க, டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், அதனால ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடி அவங்க அறிவிப்பு வந்துச்சான்னு பாத்துக்குங்க.

இழுக்கறது பசிபிக் வகை எஞ்சின் (சக்கரம் அமைஞ்ச விதத்த வச்சு வந்த பேரு அது), 824, 850ன்னு நம்பர், போர் முடிஞ்சு கொஞ்ச வருஷத்துல ஜப்பான்ல செஞ்சது. ரெண்டையும் முதுகோட முதுகா சேத்து பூட்டுவாங்க, அப்பத்தான் போறப்பவும் வர்றப்பவும் ஏதாவது ஒண்ணு முகத்த முன்னாடி வச்சு ஓடும், எஞ்சின திருப்ப வேண்டிய தொல்லை இல்ல. உங்க அப்பாவுக்கு இதுல ஒரு விசேஷம் இருக்கு, தாய்லாந்து பாதையும் மலாயா பாதையும் ஒரே மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர் அகலம், அப்புறம் அந்தக் காலத்து மலாயா ரயில்ல பயணிகள் வண்டிய இழுத்ததும் இதே பசிபிக் வகை எஞ்சின்தான். மலாயாவுல தூரப் பயணத்துக்கு வண்டி இழுக்கற பெரிய டீசல் எஞ்சின் வந்ததே 1957லதான், அதுக்கப்புறமும் எழுபதுங்களோட தொடக்கம் வரைக்கும் கரி எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதனால அவர் குளுவாங் ஸ்டேஷன்ல நின்னு பாத்த அந்த உருவம், அந்த உயரம், அந்த சக்கரத்தோட அளவு, அது கிட்டத்தட்ட இங்க கிடைக்கும். ஜப்பான்லயோ ஆஸ்திரேலியாவுலயோ பாக்கறது அவருக்கு அழகான வேற எஞ்சினா இருக்கும், இது அவரோட எஞ்சின்.

கஷ்டத்தையும் சொல்லிடுறேன். சாதாரணப் பெட்டியில ஏசி கிடையாது, ஜன்னல் தெறந்திருக்கும், பிளாட்பாரத்துலேருந்து படி உயரம், முட்டிவலிக்காரங்கள ஏத்த ஒருத்தர் மேலேருந்து கை குடுக்கணும், ஒருத்தர் கீழ நிக்கணும். ஜூன்ல நல்ல சூடு. டிசம்பர் 5ன்னா காத்து கொஞ்சம் காஞ்சு இருக்கும், வயசானவங்களுக்கு அதுதான் நல்லது. வெள்ளைச் சட்டை போடாதீங்க. ஜன்னலோரம் உக்காரற பிள்ளைக்கு சாதாரண கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடுங்க, கண்ணுல கரித்தூசி விழுந்தா மிச்ச நாள் பூரா அழுகைதான். முக்கியமா, காலைல ஹுவா லம்போங் ஸ்டேஷனுக்கு வண்டி கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, 1916ல திறந்த ஸ்டேஷன் அது, பெரிய வளைவுக் கூரை, மெட்ரோ ரயில் அதுக்குக் கீழயே நிக்குது.

தாய்லாந்துன்னு சொன்ன பிறகு காஞ்சனாபுரி பத்தி சொல்லாம தாண்ட எனக்கு மனசு வரல. நேரம் இருந்தா கூடுதலா ரெண்டு நாள் போட்டு போயிட்டு வாங்க. 1942 ஜூன்லேருந்து 1943 அக்டோபர் வரைக்கும் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டருக்கு பர்மா வரை போட்ட சயாம் மரண ரயில் பாதை அங்கதான் இருக்கு, அதுல மிச்சமிருக்கற பகுதியில இன்னைக்கும் சாதாரண ரயில் ஓடுது. அந்தப் பாதைக்கு மலாயா தோட்டங்கள்லேருந்து நம்ம ஆளுங்கள லாரி லாரியா ஏத்திட்டுப் போனாங்க, பல்லாயிரம் தமிழங்க காலரா, மலேரியா, பட்டினியில அங்கயே செத்துப் போனாங்க. தண்டவாளத்தக் கூட மலாயாவோட கிழக்குக்கரை பாதையிலேருந்து பிடுங்கிட்டுப் போனாங்க. ஊருக்கு நடுவுல இருக்கற போர்க் கல்லறையில போர்க்கைதிங்க கிட்டத்தட்ட 7000 பேரு, வரிசை வரிசையா, பேரோட. நம்ம ஆளுங்க அதுல கிடையாது. நான் அங்க நின்னப்ப என் பெரியவ கேட்டா "நம்ம பேரு எங்கப்பா இருக்கு"ன்னு. அந்தப் பாதைக்குன்னு ஜப்பான் கொண்டு வந்த எஞ்சினுக்கு சி56ன்னு பேரு, 160 செஞ்சதுல 90 இந்தப் பக்கம் அனுப்பி, சக்கர அகலத்த மீட்டர் கேஜுக்கு குறைச்சு ஓட்டுனாங்க. 1979ல அதுல ரெண்டு ஜப்பானுக்கே திரும்பிப் போச்சு, ஒண்ணு டோக்கியோவுல யாசுகுனி கோயில் மியூசியத்துல நிக்குது, இன்னொண்ணு ஓயிகாவா ரயில்வேல சுற்றுலா வண்டி இழுக்கப் போச்சு. எஞ்சின் வீடு திரும்புச்சு, ஆளுங்க திரும்பல. பிரைமரி 5 பிள்ளைக்கு இதச் சொன்னா புரியும், சொல்லுங்க. சின்னவருக்கு இன்னும் கொஞ்சம் வருஷம் போகட்டும்.

அப்பாவுக்கு சூடு தாங்காது, முட்டி ரொம்ப மோசம்னா ஜப்பான்ல கியோட்டோ. கியோட்டோ ரயில்வே மியூசியம் 2016ல இப்ப இருக்கற வடிவத்துல திறந்தது, ஆனா அதோட உயிரு உமேகோஜிங்கிற பழைய ஷெட்டுதான், 1914ல கட்டுனது, விசிறி மாதிரி விரிஞ்சு நடுவுல எஞ்சின நிறுத்தி திருப்புற டர்ன்டேபிள் வச்சு 20 தண்டவாளம், 20க்கு மேல ஸ்டீம் எஞ்சின். அதுல சிலது இன்னும் ஓடுற நிலைமையில இருக்கு, ஷெட்டுலயே ரிப்பேர் வேலையும் நடக்குது, பொம்மைக்கு நிறுத்தி வச்ச இடம் இல்ல. மியூசியத்துக்குள்ளயே ஒரு சின்ன சவாரி உண்டு, ஸ்டீம் எஞ்சின் பூட்டி போக வர ஒரு கிலோமீட்டர், பத்து நிமிஷம், அவ்ளோதான். பத்து நிமிஷத்துக்கா இவ்ளோ தூரம்னு தோணும், ஆனா அங்க சவாரி முக்கியமே இல்ல. கடைசி சவாரி முடிஞ்ச பிறகு எல்லாரும் கெளம்பிடுவாங்க, நீங்க கெளம்பாதீங்க. அந்த எஞ்சினுக்கு கரி போட்டு, தண்ணி ஏத்தி, டர்ன்டேபிள்ல மெதுவா திருப்பி ஷெட்டுக்குள்ள அனுப்புவாங்க, எங்க வீட்டுல எல்லாருக்கும் அந்தப் பயணத்துல ரொம்பப் பிடிச்சது அதுதான். லிஃப்ட் இருக்கு, உக்கார இடம் இருக்கு, ஸ்டேஷன் மியூசியத்துக்கு முன்னாடியே இருக்கு. புதன்கிழமையும் வருஷக் கடைசியும் மூடியிருக்கும், அத மட்டும் பாத்துக்குங்க. இன்னொண்ணு, டிசம்பர் குளிர்ல ஆவி அப்படியே வெள்ளையா கெட்டியா நிக்கும், நம்ம ஊரு மாதிரி சூட்டுல ஆவி சீக்கிரம் கரைஞ்சு போயிடும், போட்டோ எடுக்கறவங்களுக்கு குளிர் காலம்தான் பண்டிகை.

ஜப்பான்ல நீளமா ஒரு சவாரி வேணும்னா எஸ்எல் யமகுச்சின்னு ஒரு வண்டி, 1979லேருந்து ஓடுது, ஷின் யமகுச்சிலேருந்து ட்சுவானோ வரை 63 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். ஆனா அது வசந்தகாலத்துலேருந்து நவம்பர் வரைக்கும் சனி ஞாயிறு, விடுமுறை நாள்லதான் பெரும்பாலும், எஞ்சின் ரிப்பேர்னா டீசல் இழுக்கும். நம்ம டிசம்பர் லீவுக்கு ஒத்து வராது, விட்டுடுங்க.

ஆஸ்திரேலியான்னா ஜூன்ல போங்க, டிசம்பர்ல போகாதீங்க. அவங்களுக்கு டிசம்பர்தான் கோடை, காட்டுத்தீ பயம், முழு நெருப்புத் தடை போட்ட அன்னைக்கு மெல்பர்ன் பக்கத்துல ஓடுற பஃபிங் பில்லிங்கிற பேர்போன பழைய ரயில் கூட டீசல்தான். ஜூன் அங்க குளிர்காலம், காடு ஈரமா இருக்கும், எஞ்சின் முழு மூச்சா புகை விடும். பஃபிங் பில்லி மெல்பர்ன்லேருந்து பெல்கிரேவ் வரைக்கும் சாதாரண மின்சார ரயில்ல போய் இறங்கி ஏறிக்கலாம், 1900ல திறந்த 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை, 1953ல மண்சரிவு ஆகி மூடிப்போனத ஊர் மக்கள் சேர்ந்து 1962லேருந்து திரும்ப ஓட்டுறாங்க, கிளம்புன கொஞ்ச நேரத்துலயே மரத்தூண் பாலத்து மேல வளைஞ்சு போகும் பாருங்க, பிள்ளைங்க கத்துவாங்க. சிட்னி பக்கம்னா தெர்ல்மியர்ல நியூ சவுத் வேல்ஸ் ரயில் மியூசியம், நல்ல பெரிய மியூசியம், அங்கேருந்து பக்ஸ்டன் வரைக்கும் குட்டி சவாரி பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைல இருக்கும், 3801ஐ பாதுகாக்கறதும் அவங்க அமைப்புதான். ஞாயித்துக்கிழமையச் சுத்தி சிட்னி பிளான போடுங்க.

ஊட்டி ரயில பத்தி எல்லாரும் சொல்லியிருப்பாங்க. நானும் சொல்றேன், ஏன்னா ஓடுற பாதைங்கள்ல எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதுதான். மேட்டுப்பாளையத்துலேருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 1899ல குன்னூர் வரைக்கும் வந்து 1908ல ஊட்டிய தொட்டது, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. கல்லாறு தாண்டுன உடனே தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச பட்டை வரும், எஞ்சினோட அடியில இருக்கற பல்சக்கரம் அதப் பிடிச்சுக்கிட்டு ஏறும், 12 அடிக்கு ஒரு அடி உயரம்ங்கிற மாதிரி செங்குத்து. எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ரெண்டு சாதாரண சக்கரத்துக்கு, ரெண்டு பல்சக்கரத்துக்கு, முதல் ரெண்டுல வேலை செஞ்ச ஆவியே அடுத்த ரெண்டுக்கும் போகும், வெளிய விட்டு வீணாக்கறதில்ல. பாய்லர்காரனா சொல்றேன், நூறு வருஷத்துக்கு முன்னாடி இத யோசிச்சவன் கையில முத்தம் குடுக்கணும். அந்த எஞ்சினுங்கள ஆரம்பத்துல செஞ்சது சுவிட்சர்லாந்து, இப்ப காப்பாத்தறது திருச்சி பொன்மலை பட்டறை, புது எஞ்சினே அங்க நம்ம ஆளுங்க செஞ்சிருக்காங்க. ஏறும்போது எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளும், இத தெரிஞ்சு சீட்டு எடுங்க, முன் பெட்டியில உக்காந்தா வழி முழுக்க தெரியும், பின் பெட்டியில உக்காந்தா எஞ்சினோட மூச்சு காதுலயே கேட்கும். குன்னூர்லேருந்து ஊட்டிக்கு டீசல்தான், அதனால மேட்டுப்பாளையத்துலதான் ஏறணும், ஊட்டியில ஏறி குன்னூர்ல இறங்கிட்டு ஸ்டீம் ரயில் போனேன்னு சொல்றவங்க பாவம் ஏமாந்தவங்க. ஆனா நவம்பர் டிசம்பர்ல போகாதீங்க, ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னு சும்மா சொல்லல, மண் சரிஞ்சு பாறை உருண்டு பாதை மூடிக்கிட்டு நாள்கணக்குல கேன்சல் ஆகும். ஜூன் முதல் வாரம் பரவால்ல. மேல போய்ச் சேர கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், பெட்டி குறுகல், மடங்குன முட்டிய நீட்ட முடியாது, அதனால உங்க அப்பாவுக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன். பிள்ளைங்களுக்கு கண்டிப்பா ஒருநாள் காட்டுங்க.

மியூசியம் மட்டும் போதுமான்னு கேட்டீங்கல்ல. நெருப்பு மூட்டாத நாள்ல மியூசியத்துல நிக்கற எஞ்சின் பெரிய இரும்பு, அவ்ளோதான், பிள்ளைங்க பத்து நிமிஷத்துல ஐஸ்கிரீம் கேப்பாங்க. அதே எஞ்சின் நெருப்போட நின்னா, ஓடவே வேணாம், பக்கத்துல போனாலே மூஞ்சியில சூடு அடிக்கும், எண்ணெயும் கரியும் ஈரமும் கலந்த ஒரு வாசம், எங்கயோ சொட்டு சொட்டுன்னு தண்ணி, உள்ளுக்குள்ள ஏதோ குமுறிக்கிட்டே இருக்கும். சவாரி இருந்தா நல்லது, ஆனா சவாரிக்கு முன்னாடி இருக்கற ஒரு மணி நேரத்த விட்டுடாதீங்க. வண்டில இடம் பிடிக்க ஓடாம, யாராவது ஒருத்தர் பெட்டியில பைய வச்சு இடம் பாத்துக்கிட்டு மிச்சப்பேரு எஞ்சின்கிட்ட போங்க. டிரைவர் நீளமான எண்ணெய்க் குவளைய எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மூட்டா எண்ணெய் விடுவாரு, பாய்லர்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு கண்ணாடிக் குழாய்ல பாத்துக்கிட்டே இருப்பாங்க, அந்தத் தண்ணி மட்டம் ரொம்ப இறங்கிட்டா பாய்லர் வெடிக்கும், அதனால அந்தக் குழாய்தான் அவங்க உயிரு. வேலை இல்லாத நேரமாப் பாத்து மரியாதையா கேட்டா பெரும்பாலும் பிள்ளைங்கள கேபின்ல ஏத்திக் காட்டுவாங்க, வயசானவங்க "நான் இதுல போயிருக்கேன்"ன்னு சொன்னா இன்னும் நல்லா காட்டுவாங்க.

பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக் குடுங்க. வண்டி கிளம்பும்போது ரெண்டு பக்கமும் புஸ்ஸுன்னு வெள்ளையா ஆவி அடிக்கும், எல்லாரும் அழகுக்கு விடுறாங்கன்னு நினைப்பாங்க, அது சிலிண்டருக்குள்ள ஆவி குளிர்ந்து தண்ணியானத வெளிய தள்றது, தண்ணிய அமுக்க முடியாது, உள்ள நின்னா சிலிண்டர் மூடியே உடைஞ்சிடும். அப்புறம் சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் சக் சக் சக் சக்னு எண்ணச் சொல்லுங்க, ரெண்டு சிலிண்டர் எஞ்சின்ல சக்கரம் ஒரு சுத்துக்கு நாலு சக். வேலை முடிஞ்ச ஆவி புகைப்போக்கி வழியா வேகமா வெளிய போற சத்தம் அது, போறப்ப கூடவே புகையையும் இழுத்துட்டுப் போகும், அதனால நெருப்புக்கு காத்து கிடைக்கும். எஞ்சின் எவ்ளோ கஷ்டப்பட்டு இழுக்குதோ அவ்ளோ பலமா ஆவி போகும், அவ்ளோ பலமா நெருப்பு எரியும், தனக்கு வேணும்ங்கிற அளவுக்கு தானே மூச்சு வாங்கிக்கும். எத்தனையோ பாய்லர் பாத்துட்டேன், மோட்டார் ஃபேன் எதுவும் இல்லாம இப்படி தானா சரி பண்ணிக்கற ஏற்பாடு பாக்கும்போது எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும். சின்னவருக்கு காதடைப்பு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, பக்கத்துல நிக்கும்போது விசில் அடிச்சா பெரியவங்களே குதிப்போம்.

சிங்கப்பூர்ல ஓடுற ஸ்டீம் எஞ்சின் இல்ல. ஆனா வெளியூர் போறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலைல அப்பாவ புக்கிட் தீமா பழைய ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போங்க. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டில இறங்கி கொஞ்ச தூரம் நடக்கணும், முட்டிக்கு அவசரம் இல்லாம நடங்க. 1932ல கட்டுன குட்டி ஸ்டேஷன், புதுப்பிச்சு 2022 ஜூலைல திறந்தாங்க, பிளாட்பாரம், சிக்னல் நெம்புகோல் எல்லாம் இருக்கு, ரெண்டு பக்கமும் இரும்புப் பாலம். ஒத்தைப் பாதையில ரெண்டு வண்டி மோதாம இருக்க, ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்துல மாட்டுன சாவி டோக்கன டிரைவர் கையில குடுத்தாத்தான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம், ஓடுற வண்டிலேருந்தே ஒரு கையால ஒண்ண வீசி இன்னொண்ண வாங்கிக்குவாங்க, அது 2011 ஜூன் 30 வரைக்கும் அங்க நடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தஞ்சோங் பகார்லேருந்து கடைசி வண்டிய ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனாரு, பாதை ஓரமா அவ்ளோ கூட்டம். இங்க முதல் ரயில் 1903ல தேங்க் ரோடுலேருந்து கிளம்புனது, நம்ம தண்டாயுதபாணி கோயில் இருக்கற அதே ரோடு. குவீன்ஸ்டவுன் பக்கம் இருக்கற முனீஸ்வரன் கோயில் கூட 1932ல ரயில்வேல வேலை பாத்த நம்ம ஆளுங்க பாதையோரமா வச்சு கும்பிட ஆரம்பிச்சதுதான். ஸ்டேஷன் பாத்துட்டு அப்படியே அந்தக் கோயிலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க.

தஞ்சோங் பகார் ஸ்டேஷன அப்பாவுக்கு காட்டணும்னு ஆசையா இருந்தா, திறந்து விடுற நாள் பாத்துப் போங்க, அதுக்குக் கீழ கேண்டோன்மென்ட் எம்ஆர்டி வேலைக்காக ரொம்ப வருஷமா மூடியிருந்த இடம் அது. முகப்புல நாலு பெரிய கல் சிலை, மேல எஃப் எம் எஸ் ஆர்னு நாலு எழுத்து (அந்தக் காலத்து மலாயா ரயில்வே பேரோட சுருக்கம்), அத வாசல்ல நின்னே பாக்கலாம்.

கடைசியா சர்ப்ரைஸ் பத்தி. வேணாம் தங்கச்சி. டிக்கெட் கிடைச்ச அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிடுங்க. சொன்னா அடுத்த ஒரு மாசமும் சாப்பிடும்போது, கோப்பி குடிக்கும்போது, ராத்திரி படுக்கப் போறப்பன்னு ஒவ்வொண்ணா அவருக்கு ஞாபகம் வரும், குளுவாங்ல எந்த நேரத்து வண்டி, யார்கூட வந்தாரு, டிக்கெட் எவ்ளோ, உட்லண்ட்ஸ் தாண்டும்போது என்ன செஞ்சாங்கன்னு. உங்க போன் ஒண்ண மேசை மேல வச்சு ரெக்கார்ட் பண்ணிக்குங்க. எங்க அப்பா இருந்தப்ப நான் சர்ப்ரைஸாத்தான் கூட்டிட்டுப் போனேன், எஞ்சின பாத்ததும் அவர் அங்கயே நின்னு பேச ஆரம்பிச்சாரு, விசில் சத்தத்துலயும் கூட்டத்துலயும் பாதி கேட்கல, நாலு நிமிஷம்தான் என் போன்ல இருக்கு.